வெயிலம்மாளின் பேச்சு, காளீஸ்வரியின் முகம்

கல்யாண மண்டபத்தில் விளக்கை அணைத்ததும் வெயிலம்மாளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. முந்தின வருஷம், தொண்ணூற்றெட்டில், வெள்ளைக்காரர்கள் வந்து தீப்பெட்டி வேலையைப் பற்றி எடுத்துப்போன படம். வெளிநாட்டில் பரிசு வாங்கி, இப்போது கோவில்பட்டியிலும் காட்டுகிறார்கள். பக்கத்தில் மகள் காளீஸ்வரி. பின்வரிசையில் அவளோடு ஒன்பதாவது படிக்கிற பிள்ளைகள்.

கேமரா வந்த அன்றைக்கு மகளுக்குப் பொங்கல் பட்டுப்பாவாடையைக் கட்டி, கனகாம்பரம் வைத்து, தீப்பெட்டி ஆபீசுக்குக் கூட்டிப்போயிருந்தாள். படம் பிடிக்க நிற்பதென்றால் வேறெப்படி நிற்பது? வந்தவர்களுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"வீட்டுல உடுத்துத பழசு ஏதாவது போடச் சொல்லுங்கக்கா. சும்மா அந்தக் கட்டை முன்னால உக்காரட்டும்" என்றான், அவர்களுக்கு மொழிபெயர்க்க வந்த தொண்டு நிறுவனத்து ஹரிஹரசுதன்.

கட்டை என்பது தீக்குச்சி அடுக்கும் மரச்சட்டம். மகள் அதைத் தொடக்கூடாது என்றுதான் தாய் இன்னும் அடுக்கிக்கொண்டிருந்தாள். விருந்தாளிகள் கேட்கிறார்களே என்று உட்காரவைத்தாள். அதன்பின் வெயிலம்மாளிடம் தனியே பேட்டி எடுத்தார்கள். தீப்பெட்டி ஆபீசிலேயே கழிந்த தன் சிறுவயதை ஒளிக்காமல் சொன்னாள்.

திரையில் காளீஸ்வரி வந்தாள். பழைய பாவாடை, முன்னால் கட்டை. ஒலித்ததோ வெயிலம்மாளின் குரல்: "பள்ளிக்கூடத்து வாசல மிதிச்சதில்ல. இருட்டோட வண்டியில ஏத்திருவாவ." கீழே இங்கிலீஷ் எழுத்து ஓடியது.

பின்வரிசையில் ஒருத்தி சிரித்தாள். "ஏட்டி காளி, அப்ப தினமும் எங்கூட வகுப்புல இருக்கது யாருட்டி?"

காளீஸ்வரி எழுந்து போய்விட்டாள்.

விளக்கு வந்ததும் வெயிலம்மாளை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தி, படத்தின் கேசட் ஒன்றையும் கொடுத்தார்கள். இறங்கினவள் ஹரிஹரசுதனை மறித்துக்கொண்டாள்.

"நான் சொன்னதுக்கு எதுக்கு சார் எம்மவ மூஞ்சியப் போட்டிய?"

"சின்னப்பிள்ளைனாதான் அங்க மனசு இரங்குவாங்கக்கா."

"நானும் சின்னப்பிள்ளையா இருந்தவதான? நான் அடுக்குன குச்சி அன்னைக்கும் கப்பலேறி அங்கனதான போச்சு. பெட்டியத் திறந்து பத்த வச்சவனுக்கு அப்ப இரங்கலியோ?"

"படம் நாடுநாடாப் போயாச்சு. இனி மாத்த முடியாது."

"மலிவுக்குக் குச்சியும் வேணும், அழுவதுக்குப் பிள்ளையும் வேணும். அவ படிப்ப அழிச்சுட்டு எனக்குச் சால்வையா?"

கார் காத்திருக்கிறது என்று அவன் நழுவினான்.

அவள் வீட்டுக்குப் போகவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம், கல்யாணங்களுக்கு வீடியோ எடுக்கும் சுந்தரபாண்டியின் கடைக்கு நடந்தாள்.

"அண்ணாச்சி, இத அழிச்சுட்டு மேல வேற பிடிக்க முடியுமா?"

அவர் கேசட்டைத் திருப்பிப் பார்த்தார். "அழியாம இருக்க இந்த மூலைய உடைச்சிருக்கான். ஓட்டையில செலோடேப்ப ஒட்டுனா பதியும். ஆனா இங்கன அழிச்சா சீமையில அழியாது தாயி."

"தெரியும். எனக்கென்ன கிறுக்கா?"

"பிறகு யாரு பாக்க?"

"பள்ளிக்கூடத்துல டிவிப்பெட்டி கிடக்கு. நாளைக்குக் கேசட் ஓட்டுத உங்க டெக்கத் தூக்கிட்டு வாங்க. பெரிய டீச்சர்ட்ட நான் பேசுதேன். சிரிச்ச பிள்ளைக அம்புட்டும் பாக்கட்டும்."

சுந்தரபாண்டி செலோடேப்பைத் தேடி எடுத்து ஒட்டினார். மணப்பெண்கள் உட்காரும் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, விளக்கைத் திருப்பினார். கண் கூசியும் வெயிலம்மாள் முகத்தைத் திருப்பவில்லை.

"எம்பேரு வெயிலம்மா" என்று ஆரம்பித்தாள். "பள்ளிக்கூடம் போகாதவ நாந்தான். இந்தா, மூஞ்சிய நல்லாப் பாத்துக்கிடுங்க."