மாப்பிள்ளை காரை விட்டு இறங்கக் கூடாது

பிள்ளைகளா, எங்கேயாவது ஒரு கார் கிளம்பவில்லை என்றால் நான் உடனே என் சட்டைப்பையைத் தடவிப் பார்ப்பதைக் கண்டு நீங்கள் மூன்று பேரும் சிரிக்கிறீர்கள். சொந்தத்தில் ஒரு கார் இல்லாதவர் பையில் எதைத் தேடுகிறார் என்று போன வாரம் பெரியவள் கேட்டாள். உங்கள் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். நான் எட்டாவது வரை படித்தவன். எழுத்தில் தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். ஆனால் விஷயம் உங்களுக்குத் தெரிய வேண்டியதுதான். அன்றைக்கு அந்தக் கார் கிளம்பாமலே போயிருந்தால் இந்த வீட்டில் நீங்கள் இருக்க மாட்டீர்கள்.

எனக்குக் கல்யாணம் நடந்தபோது நெய்வேலியில் பாதி வீடுகளில் சுண்ணாம்பு வாடைகூடப் போகவில்லை. நான் மைன்ஸில், நிலக்கரி போகிற பெல்ட் செக்‌ஷனில் ஹெல்பர். பெர்மனென்ட் ஆகிச் சில மாதம்தான் ஆகியிருந்தது. அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் முத்தாண்டிக்குப்பத்தில் உங்கள் தாத்தா பெண் கொடுக்கச் சம்மதித்தார். அவருடைய அக்காவுக்கு அதில் இஷ்டமில்லை. தம்பி மகளைத் தன் மகனுக்கே முடிக்க வேண்டும் என்று இருந்தவர் அவர். நிச்சயதார்த்தத்தன்று தட்டு மாற்றும்போதே எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொன்னார்.

"மைன்ஸ்காரங்களுக்கு ஷிப்டுதான் முகூர்த்தம். பத்தரைக்குள்ள மாப்புள்ள பந்தல்ல வந்து ஒக்காரலன்னா, என் மவன் குளிச்சிட்டு ரெடியா இருப்பான். சொல்லிட்டேன்."

உங்கள் தாத்தா தட்டில் வெற்றிலையைத் திருப்பி அடுக்கினார். பிறகு "செரிக்கா" என்றார். கல்யாணம் வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு மேல் ராகு காலம்.

எங்கள் செக்‌ஷன் ஆபீசர் நல்ல மனிதர். தம்முடைய பழைய கறுப்புக் காரைக் கல்யாணத்துக்குக் கொடுத்தார். அவருடைய டிரைவர் லீவில் போயிருந்ததால் புல்டோசர் ஆபரேட்டர் ஒருவர் தானாக முன்வந்தார். மதுரைப் பக்கத்துக்காரர். "மலையவே தள்ளுறவன் நான். இது என்னப்பா, சோப்பு டப்பா" என்றார். கார் முந்தின நாள் சாயந்திரமே குவார்ட்டர்ஸ் வாசலுக்கு வந்துவிட்டது. என்னோடு ஒரே குவார்ட்டர்ஸில் தங்கியிருந்த எலக்ட்ரீஷியன், கோயம்புத்தூர்க்காரர், அலங்காரப் பொறுப்பை எடுத்துக்கொண்டார். பானெட்டைத் திறந்து, உள்ளே கையை விட்டு, கம்பியோடு கம்பியாகச் சாமந்திச் சரத்தைக் கட்டினார். இரண்டு பக்கமும் வாழைக்கன்று. கடைசியில் காருக்கு முகம் இருந்த அடையாளமே தெரியவில்லை.

காலையில் ஆரத்தி எடுத்து என்னைப் பின் சீட்டில் ஏற்றினார்கள். பக்கத்தில் என் தாய்மாமா. எங்கள் ஊரில் எங்கள் ஜனத்தில் கல்யாண மாப்பிள்ளை என்றால் நடந்துதான் போவார். அதுவும் பெரிய தெரு வழியாக இல்லை, வாய்க்கால் ஓரமாக. மாமா தம் கல்யாணத்துக்கு அப்படித்தான் போனார். அன்று அவர் காருக்குள் உட்கார்ந்து, கண்ணாடியை இறக்குவதும் ஏற்றுவதுமாக இருந்தார். தெருவில் போகிற எல்லாரையும் கும்பிட்டார், தெரியாதவர்களையும்.

புல்டோசர்க்காரர் ஹாரன் அடித்தார். இதை உங்களுக்குச் சொல்ல வேண்டும். மைன்ஸில் பெல்ட்டை ஓடவிடுவதற்கு முன்னால் சங்கு ஊதுவார்கள். சங்கு கேட்டால் கிட்டே நிற்கிறவர்கள் எல்லாரும் பின்னால் போய்விட வேண்டும். அந்தத் தெருவில் நின்றவர்களில் முக்கால்வாசிப் பேர் மைன்ஸ்காரர்கள். ஹாரன் கேட்டதும் கூட்டம் அப்படியே மூன்றடி பின்னால் போனது. ஆரத்தித் தட்டு வைத்திருந்த பெண்களும் போனார்கள். புல்டோசர்க்காரர் செல்ப் ஸ்டார்ட்டரை இழுத்தார். கிர்ர், கிர்ர் என்று சுற்றியது. பிடிக்கவில்லை. மறுபடி ஹாரன். கூட்டம் மறுபடி பின்னால் போனது. மறுபடி கிர்ர்.

"எதுக்குய்யா ஒவ்வொரு தரமும் ஹாரன் அடிக்கிற? பேட்டரி போயிரும்லா" என்றார் பம்ப் ஹவுஸில் வேலை பார்க்கும் திருநெல்வேலிக்காரர்.

"ரூல்ஸ்னா ரூல்ஸ்தான்" என்றார் புல்டோசர்க்காரர்.

பம்ப்காரர் பானெட்டைத் திறந்தார். பூமிக்குள் ஊறுகிற தண்ணீரை ராப்பகலாக வெளியே இறைக்கிற கூட்டத்தைச் சேர்ந்தவர் அவர். உலகத்தில் எது நின்றாலும் காற்று அடைத்துக்கொண்டது என்றுதான் சொல்வார். "ஏர் புடிச்சிருக்கு" என்று பெட்ரோல் குழாயைக் கழற்றி வாயில் வைத்து உறிஞ்சினார். வாய் நிறையப் பெட்ரோல் வந்தது. காற்று இல்லை என்று நிச்சயமாயிற்று. யாரோ அவர் வாயில் வெல்லம் போட்டார்கள்.

"மாமா, நேரம் ஆவுது. சைக்கிள்ல போயிடலாம்" என்றேன்.

மாமா என் துண்டைப் பிடித்துக்கொண்டார். "எறங்குன, காலை ஒடச்சிடுவேன். நம்ம சனத்துல கல்யாணத்துக்கு வண்டியேறுனவன் எவன்டா? மொத ஆளு நீ. மொத ஆளே ஏறிட்டு எறங்குனான்னு ஊர்ல பேசிகினு திரியணுமா?"

"அங்க அவரு குளிச்சிட்டு நிப்பாரு மாமா."

"நிக்கட்டும். தண்ணி நல்லதுதான் ஒடம்புக்கு."

தள்ளினால் பிடித்துக்கொள்ளும் என்று புல்டோசர்க்காரர் சொன்னார். நான் உள்ளே, மாமா உள்ளே. பத்துப் பேர் தள்ளினார்கள். டவுன்ஷிப்பில் எல்லா பிளாக்கும் ஒரே மாதிரி, தெருவெல்லாம் நூல் பிடித்த மாதிரி நேர். திரும்பி, திரும்பி, திரும்பிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தோம். கார் மூச்சுக்கூட விடவில்லை. ஆனால் அடுத்த தெருவில் மாப்பிள்ளை ஊர்வலம் என்று நினைத்துக்கொண்டு ஒரு வீட்டில் பன்னீர் தெளித்தார்கள். இன்னொரு வீட்டு அம்மாள் ஆரத்தியோடு ஓடிவந்து எனக்குப் பொட்டு வைத்து, "பொண்ணு எந்த வூடுங்க?" என்று கேட்டார். பதில் சொல்வதற்குள் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். எங்கள் வாசலுக்கு வந்ததும், ஊர்சுற்றி வந்தவனுக்குத் திருஷ்டி பட்டிருக்கும் என்று மறுபடி ஒரு ஆரத்தி. என் நெற்றியில் பொட்டு வைக்க இடம் இல்லை.

அப்போதுதான் எலக்ட்ரீஷியன் குளித்து, மஞ்சள் பட்டு ஜிப்பா போட்டுக்கொண்டு வந்தார். விஷயத்தைக் கேட்டார். இன்ஜின் பக்கத்தில் ஒரு கறுப்பு மூடி இருக்கும். அதிலிருந்துதான் ஒவ்வொரு பிளக்குக்கும் வயர் போகும். அதைத் திறந்தார். திறந்தவர் கத்தினார்.

"ஏனுங்க, ரோட்டரே இல்லீங்க!"

ரோட்டர் என்பது கட்டைவிரல் அளவு ஒரு கறுப்புக் கட்டை. தலையில் பித்தளைப் பட்டை. அது சுற்றிச் சுற்றி வந்து பிளக்குகளுக்கு முறை வைத்துக் கரண்டைப் பங்குபோடும். அது இல்லாவிட்டால் நாள் முழுக்கத் தள்ளினாலும் கார் கட்டில்தான்.

"எவனோ திருடிட்டானுங்க" என்றார் எலக்ட்ரீஷியன்.

"எவனோ இல்ல" என்றார் மாமா. "குளிச்சிகினு நிக்கிறானே, அவன் ஆளு." உடனே இரண்டு பேர் வேட்டியை மடித்துக் கட்டினார்கள். முத்தாண்டிக்குப்பம் போய்ச் சண்டை போடலாம் என்றார்கள். போகக் கார் இல்லை என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. வடலூரில் ரோட்டர் கிடைக்குமா என்று ஒருவர் கேட்டார். மெட்ராஸில்தான் கிடைக்கும் என்று இன்னொருவர் சொன்னார்.

நான் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினேன். எனக்கு ஒரே ஒரு யோசனை. கடைசியாக அந்தக் காருக்குள் கைவிட்டவர் யார்?

"அண்ணே, நேத்து பூ கட்டும்போது மொதல்ல என்ன செஞ்சீங்க? அதே மாதிரி செஞ்சு காட்டுங்க."

"என்ன செஞ்சேன்? பானெட்டைத் திறந்தனுங்க." திறந்தார். "உள்ளார ஃபேன் இருக்குது, கையை விடோணும். அதனால..." அவர் கை தானாகக் கறுப்பு மூடிக்குப் போனது. தானாக எதையோ எடுத்தது. தானாக நெஞ்சுப் பக்கம் வந்து, பையில் போட்டது. ஆனால் பட்டு ஜிப்பாவில் அங்கே பை இல்லை. அவர் வெறும் நெஞ்சைத் தட்டிக்கொண்டே அப்படியே நின்றார்.

மைன்ஸ்காரர்கள் எல்லாருக்கும் புரிந்துவிட்டது. மெஷினுக்குள் கைவிடுகிறவன் முதலில் ஃபியூஸைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். அவன் வெளியே வந்து அவன் கையாலே திரும்பப் போடும்வரை எவ்வளவு பெரிய அதிகாரி வந்து சொன்னாலும் அது ஓடக் கூடாது. எங்கள் உயிர் அந்தப் பையில்தான். வருஷக்கணக்காகச் செய்த கை, சாமந்தி கட்டும்போதும் செய்துவிட்டது.

"அந்தக் காக்கிச் சட்டை எங்கடா?" என்றார் மாமா.

ஆணியில் இல்லை. எங்கள் குவார்ட்டர்ஸில் மூன்று பேர். எல்லாருக்கும் ஒரே அளவுக் காக்கி. ஆணியில் எது கைக்கு வருகிறதோ அதுதான் அவரவர் சட்டை. மூன்றாவது ஆளுக்கு லீவு கிடைக்கவில்லை. ஃபர்ஸ்ட் ஷிப்டுக்குப் போய்விட்டார். எங்கள் ரோட்டர் விடிவதற்கு முன்பே சுரங்கத்துக்குள் வேலைக்கு இறங்கியிருந்தது.

பம்ப்காரர் சைக்கிளை மிதித்துக்கொண்டு போனார். மைன்ஸ் கேட்டில் நடந்ததை அவர் பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும். சேதி சொல்லி அனுப்பியதும் மூன்றாவது ஆள் ரோட்டரோடு கேட்டுக்கு வந்துவிட்டார். காவல்காரர் விடவில்லை.

"சாமான் வெளிய போகணும்னா பாஸ் வேணும்."

"இது வெளியிலேருந்து வந்த சாமானுங்க. காரோடது."

"உள்ள கொண்டாரப்ப எழுதி வெச்சியா?"

"உள்ள வந்ததே எனக்குத் தெரியாதுங்களே."

"தெரியாம வந்ததைத் தெரிஞ்சு எப்பிடிய்யா நான் வெளிய விடறது?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கத்தான் செய்தது. மூன்றாவது ஆள் பேசாமல் உள்ளே போனார். கொஞ்சநேரத்தில் ஒரு டிபன் கேரியரோடு வந்தார். "சோறு மிச்சம். வூட்டுல குடுத்துடுங்க" என்று பம்ப்காரரிடம் நீட்டினார். காவல்காரர் மேல்மூடியைத் திறந்து பார்த்தார். தயிர்சாதம், ஓரத்தில் எலுமிச்சை ஊறுகாய். மூடிக் கொடுத்துவிட்டார்.

இங்கே நான் பொட்டுகளோடு உட்கார்ந்திருந்தேன். மாமாவும் இப்போது யாரையும் கும்பிடவில்லை. "வந்துடும்டா, வந்துடும்" என்று முன்சீட்டைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் கை என் துண்டை விடவில்லை. நான் உங்கள் அம்மாவை நினைத்துக்கொண்டிருந்தேன். பெண் பார்க்கப் போனபோது ஒரே தரம் நிமிர்ந்து பார்த்தாள். பத்தரை ஆனால் அதே கண் வேறு ஒருவரைப் பார்க்கும். இறங்கி ஓடிவிடலாமா என்று கதவில் கை வைத்தேன். மாமாவின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துவிட்டேன்.

கேரியர் வந்து சேர்ந்தது. எலக்ட்ரீஷியன் பட்டு ஜிப்பாவின் கையை மடித்துவிட்டு, தயிர்சாதத்துக்குள் விரல்விட்டுத் துழாவி ரோட்டரை எடுத்தார். துடைத்தார். ஈரம் இருந்தால் கரண்ட் ஓடிவிடும், காய வேண்டும் என்றார். ஆரத்தித் தட்டில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. அதன் மேல் ரோட்டரைப் பிடித்து மெதுவாகத் திருப்பினார். சுற்றி நின்ற பெண்கள் சாமி காரியம் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அவர் கையாலேயே உள்ளே மாட்டினார். மூடியைப் போட்டார். ஹாரன் அடித்தார்கள். கூட்டம் பின்னால் போனது. ஆனால் செல்ப் சுற்றுகிற அளவுக்குப் பேட்டரியில் தெம்பு இல்லை. போன கூட்டமே முன்னால் வந்து தள்ளியது. தெரு முனையில் கார் ஒரு குலுக்குக் குலுக்கிப் பிடித்துக்கொண்டது. உள்ளே பெருங்காயம் தாளித்த வாசனை.

புல்டோசர்க்காரர் ஓட்டியதைப் பற்றி எழுதினால் உங்கள் அம்மா கிழித்துப் போடுவாள். பள்ளம் வந்தால் அவர் ஒதுங்கவில்லை. ஒதுங்குகிற பழக்கம் அவர் வண்டிக்குக் கிடையாது.

பந்தலில் எல்லாரும் எழுந்து நின்றிருந்தார்கள். உங்கள் தாத்தா கையில் கடிகாரம். அவருடைய அக்கா மகன் சந்தனம் பூசி, ஈரத்தலையோடு, பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். எங்களைக் கண்டதும் ஓடிவந்து கதவைத் திறந்தவர் அவர்தான். "சீக்கிரம் எறங்குங்க மாப்புள்ள" என்று என் காதில் கெஞ்சினார். "நான் பண்ருட்டியில ஒரு பொண்ணைப் பாத்து வெச்சிருக்கேன். எங்கம்மாகிட்ட சொல்லிடாதீங்க."

"இப்ப எறங்குடா" என்றார் மாமா.

இறங்கினேன். இரண்டு காலும் மரத்துப்போயிருந்தன. அப்படியே சரிந்தேன். மாமா ஒரு பக்கமும் அக்கா மகன் ஒரு பக்கமுமாக என்னைத் தூக்கிக்கொண்டு போய் மணையில் வைத்தார்கள்.

நிறுத்தினால் திரும்பக் கிளம்பாது என்று புல்டோசர்க்காரர் இன்ஜினை நிறுத்த மறுத்துவிட்டார். மேளச் சத்தமும் கார் சத்தமும் சேர்ந்து அதிர்கிற நடுவில் நான் தாலி கட்டினேன். உங்கள் அம்மாவிடம் நான் பேசிய முதல் வார்த்தை, "எம்மேல தயிர் வாசனை வருதா?" என்பது. அந்தச் சத்தத்தில் அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.

ஒரு வழியாகப் பேட்டரி ஏறியிருக்கும் என்று இன்ஜினை நிறுத்தினார்கள். பந்திக்கு இலை போட்டார்கள். கூட்டம் முழுக்க அந்தப் பக்கம் போனது. நான் கை கழுவிவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் தனியாகக் காரிடம் போனேன். பானெட்டைத் தூக்கி, கறுப்பு மூடியைத் திறந்து, ரோட்டரை எடுத்தேன். பித்தளைப் பட்டையின் ஓரத்தில் ஒரு பருக்கை காய்ந்து ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டிவிட்டு, ரோட்டரைப் புது வேட்டியின் மடியில் முடிந்துகொண்டேன். இனி நானும் உங்கள் அம்மாவும் ஏறாமல் அந்தக் கார் கிளம்பாது. மூடியை மூடினேன். பானெட்டைச் சத்தம் வராமல் இறக்கினேன். பிறகு சாப்பிடப் போனேன்.