பத்து விக்கெட்டும் விழும்வரை

டெல்லி மைதானத்தில் ஒரே ஆள் ஒரே இன்னிங்ஸில் பத்து விக்கெட்டையும் எடுத்தாரே, அந்த மேட்சின் வீடியோவை எனக்கு யார் அனுப்பினாலும் பார்க்காமலே அழித்துவிடுவேன். வருஷத்துக்கு ஒரு தடவை எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அது தவறாமல் வரும். கீழே கைதட்டும் படங்களும் இதயங்களும் வரிசையாக வந்து நிற்கும். பந்து போட்டவர் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. அவர் தன் வேலையைச் செய்தார். லேசில் யாருக்கும் வாய்க்காத வேலை. என் கோபமெல்லாம் அந்த மத்தியானம் ராஜபாளையத்தில் எங்கள் வீட்டு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் மேல்தான்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. பெரியப்பா, அப்பா, சித்தப்பா மூன்று பேர் குடும்பமும் ஒரே வீட்டில் இருந்தோம். பெரியப்பா பேச்சை அப்பா தட்டமாட்டார். சித்தப்பா தட்டியது ஒரே ஒரு முறை. மகாராஜபுரத்தில் விவசாயம் பார்க்கும் குடும்பத்துப் பெண்ணை, இந்துப் பெண்ணை, யாரையும் கேட்காமல் கட்டிக்கொண்டு வந்து நின்றார். அவள்தான் என் சித்தி. ஞானஸ்நானம் எடுத்தாள். பெயரை மாற்றிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை முக்காடு போட்டுக்கொண்டு எங்களோடு சர்ச்சுக்கு வந்தாள். பாட்டுப் புத்தகத்தில் பக்கம் தெரியாமல் தடவுவாள், நான் எடுத்துக் கொடுப்பேன். பிறந்த வீட்டில் அவளைத் தலைமுழுகிவிட்டார்கள். அவளுக்கு இருந்தது எங்கள் வீடு ஒன்றுதான்.

எங்கள் வீட்டிலோ, அவள் வந்த மாதமே சித்தப்பா வேலை பார்த்த மில் மூடிவிட்டது. பெரியப்பா இரண்டே வார்த்தை சொன்னார்: "வந்த நேரம்." அதற்குப் பிறகு அவள் வைத்த குழம்பை யாரும் நன்றாயிருக்கிறது என்று சொன்னதில்லை. தட்டை வழித்துச் சாப்பிடுவார்கள். சொல்லமாட்டார்கள்.

இத்தனைக்கும் நாங்கள் ராசி, சகுனம், நல்ல நேரம் எதுவும் பார்க்காத குடும்பம். பெரியப்பா சர்ச் கமிட்டியில் இருந்தார். யார் வீட்டு வாசலிலாவது எலுமிச்சம்பழம் தொங்கினால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார். கிரிக்கெட் மட்டும் விதிவிலக்கு. அதைப் பற்றி வேதத்தில் தனியாக எதுவும் எழுதியிருக்கவில்லை என்பதால் இருக்கலாம். நம் ஆட்கள் பந்து போடும்போது ஒரு விக்கெட் விழுந்தால், அந்த நிமிஷம் யார் எங்கே எப்படி இருந்தார்களோ அப்படியே இருக்க வேண்டும். காலை நீட்டியிருந்தவர் நீட்டியபடி. கன்னத்தில் கை வைத்தவர் வைத்தபடி. நகர்ந்தால் விக்கெட் விழாது. இது எங்கள் வீட்டுச் சட்டம்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து வந்து கறிக்குழம்பு சாப்பிட்டாயிற்று. டெல்லியில் நிலைமை மோசம். பாகிஸ்தான் நூறு ரன்னைத் தாண்டிவிட்டது, ஒரு விக்கெட்டும் விழவில்லை. சைக்கிள் பம்ப் கேட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரர் பம்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சித்தி எச்சில் தட்டுகளை எடுக்க அடுப்படியிலிருந்து வந்து நிலைப்படியில் கால் வைத்தாள். அவளுக்கு வயிறு அப்போதுதான் வெளியே தெரிய ஆரம்பித்திருந்தது.

ஸ்பின்னர் ஓடி வந்து போட்டார். பெயருக்குத்தான் சுழற்பந்து. அது வேகப்பந்து மாதிரி விழுந்து விறுவிறுவென்று வரும். மட்டையின் ஓரத்தில் பட்டு கீப்பர் கைக்குப் போனது. வீடே துள்ளியது. தட்டை எடுக்க அடி எடுத்து வைத்தவளைப் பெரியப்பா கை காட்டி நிறுத்தினார்.

"அங்கனயே நில்லு."

அவள் பயந்துபோய் நின்றாள். அடுத்த பந்து புதிதாக வந்தவனின் காலில் நேராகப் போய் அடித்தது. எல்.பி.டபிள்யூ. இரண்டு பந்தில் இரண்டு விக்கெட்.

"ஏலே! ஒம் பொண்டாட்டி காலு என்ன காலுலே!" என்று பெரியப்பா சித்தப்பாவின் முதுகில் அடித்தார். அவளைப் பற்றி அந்த வீட்டில் யாராவது சந்தோஷமாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. சித்தப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. சித்தி தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்தும் நான் பார்த்ததில்லை.

நான் நிலைக்குப் பக்கத்தில்தான் தரையில் உட்கார்ந்திருந்தேன். நானும் நகரக் கூடாது. சித்தி ஒரு கையால் நிலையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையை என்னிடம் நீட்டினாள். பிடித்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு மூன்றாவது விழுந்தது. நான்காவது, ஐந்தாவது, ஆறாவது. எல்லாமே அதே ஆள். ஒன்று காலில், ஒன்று ஸ்டம்பில், ஒன்று ஸ்லிப்பில். மட்டையைச் சுற்றி நம் ஆட்கள் கைகளைக் கோர்த்து வட்டம் போட்டது மாதிரி குனிந்து நின்றார்கள். ஒவ்வொரு விக்கெட்டுக்கும் பெரியப்பா சித்தியைத் திரும்பிப் பார்த்துக் கும்பிடுவார், வேடிக்கைக்கு. சித்தி ஒவ்வொரு விக்கெட்டுக்கும் என் கையை நெரித்தாள். விக்கெட் விழாத நேரத்திலும் நெரித்தாள். ஜெபம் பண்ணுகிறாள் என்று நினைத்தேன். எனக்கு விரல் வலித்தது. சொன்னால் ராசி போய்விடுமோ என்று சொல்லவில்லை.

நடுவில் பக்கத்து வீட்டுக்காரர் நெளிந்தார். "சார், எனக்கு ஒண்ணுக்கு முட்டுது."

"அடக்கும்வே. உலகத்துலயே இதுக்கு முன்னாடி ஒருத்தந்தான் பத்தும் எடுத்திருக்கான்."

"அவரு பத்தும் எடுப்பாரு சார். நான் இங்கனயே விட்டுருவேன்."

எல்லோரும் சிரித்தோம். அவர் பம்பைக் கையில் பிடித்துக்கொண்டே ஓடினார். அவரை யாரும் தடுக்கவில்லை. வாய் திறந்து கேட்டார், போனார். அவ்வளவு லேசாகப் போகலாம் என்பதை அந்த வீட்டில் ஒருத்தி பார்த்துக்கொண்டுதான் நின்றாள்.

டெல்லியில் டீ இடைவேளை விட்டார்கள். "இப்ப நகந்துக்கிடலாம். பிளேயரே உள்ள போயிட்டாக" என்று பெரியப்பா தாராளமாக அனுமதி கொடுத்தார். சித்தி அடுப்படிக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன். அம்மா டீ போட்டுக்கொண்டிருந்தாள். சித்தியைப் பார்த்ததும் கரண்டியை வைத்துவிட்டாள்.

"ஏட்டி, ஏன் இப்படி வேத்து ஊத்துது? மொகமெல்லாம் வெளுத்திருக்கு. போயி படு."

"ஒண்ணுமில்லக்கா. இடுப்புதான் லேசா இழுக்கு."

"இழுக்குன்னா படுக்க வேண்டியதுதான? அவியளுக்கு என்ன, உக்காந்துக்கிட்டு சொல்லுதாவ."

"இல்லக்கா. பெரியத்தான் தேடுவாக. இன்னும் நாலுதான்."

அம்மா சித்தியின் முந்தானையாலேயே அவள் கழுத்தைத் துடைத்துவிட்டாள். அம்மா அதற்குப் பிறகு எத்தனையோ விஷயத்துக்குப் பெரியப்பாவோடு சண்டை போட்டிருக்கிறாள். அன்று போடவில்லை.

டீக்குப் பிறகு சித்தி நிலையில் சாய்ந்து மெல்லத் தரையில் உட்கார்ந்துகொண்டாள். யாரும் கவனிக்கவில்லை. ஆனால் விக்கெட் விழவில்லை. இரண்டு பேர் ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டார்கள். ஓவர் மேல் ஓவர் போனது. பெரியப்பா பல்லைக் கடித்தார். என்ன மாறிவிட்டது என்று ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்தார். அப்பாவின் கால் சரியாக இருந்தது. சித்தப்பாவின் கை சரியாக இருந்தது. கண் நிலைப்படிக்கு வந்தது.

"அதான பாத்தேன்! உக்காந்துட்டியாக்கும்! பொறவு எங்கிட்டு விழும்?"

சித்தப்பா எழுந்திருக்கக்கூட இல்லை. எழுந்தால் அவர் இடம் மாறிவிடுமே. உட்கார்ந்த இடத்திலிருந்தே கெஞ்சினார். "ஏட்டி, செத்த நேரம்தான். எந்திரிச்சு நில்லேன்."

சித்தி என் தோளை ஊன்றி எழுந்தாள். அந்தக் கனம் இப்போதும் என் தோளில் தெரியும். அவள் நின்ற கொஞ்ச நேரத்தில் ஏழாவது விழுந்தது. நான் சத்தியமாகச் சொல்கிறேன், அந்த வீட்டில் அன்று என்னையும் சேர்த்து ஒரு ஆளுக்கும் சந்தேகமில்லை. பந்தைப் போட்டது அவர். விழவைத்தது என் சித்தி.

எட்டும் ஒன்பதும் உடனே வந்தன. இன்னும் ஒன்றுதான். அப்போது ஒரு வேடிக்கை நடந்தது. எதிர்முனையில் பந்து போட்டவர், தன் பந்தில் விக்கெட் விழுந்துவிட்டால் நண்பனுக்குப் பத்து போய்விடும் என்று, ஸ்டம்புக்கு வெளியே வெளியே போட்டார். மட்டைக்கு எட்டாத தூரத்தில். "பாரும்லே, இதுதாம்லே பெருந்தன்ம!" என்று பெரியப்பா கண் கலங்கினார். நிஜமாகவே கலங்கினார். ஒருத்தனுக்காக இன்னொருத்தன் தன்னுடையதை விட்டுக்கொடுப்பது அவருக்கு டிவியில் தெரிந்தது. ஆறு அடி பின்னால் திரும்பிப் பார்த்தால் தெரியவில்லை.

பத்தாவது ஷார்ட் லெக்கில் கேட்ச்.

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்ல? தெரு முழுக்க ஒரே கூச்சல். யாரோ சரவெடி கொளுத்தினார்கள். பெரியப்பா சட்டையைக் கழற்றிச் சுற்றினார். அப்பா என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார். சித்தப்பா யார் யாரையோ கட்டிப்பிடித்தார். சித்தியை மட்டும் இல்லை. அவள் ஞாபகமே யாருக்கும் வரவில்லை. விக்கெட்தான் முடிந்துவிட்டதே.

அம்மா கத்திய பிறகுதான் உள்ளே ஓடினோம். சித்தி கொல்லைப்புறத்துக் குளியலறைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்க்க விடவில்லை. தெருவில் ஆட்டோக்காரரும் ஆடிக்கொண்டிருந்தார். அவரை இழுத்து வந்து, அம்மாவும் சித்தப்பாவும் அவளை ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பெரியப்பா என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, "வயித்து வலிம்மா, சரியாயிரும்" என்றார். டிவியில் பத்து விக்கெட்டையும் மறுபடி முதலிலிருந்து காட்டினார்கள். அவர் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தத்தை மட்டும் குறைத்து வைத்திருந்தார்.

சித்தி திரும்பி வந்தபோது வயிறு இல்லை. சீக்கிரமே ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தால் பிள்ளை தங்கியிருக்குமா என்று நான் வளர்ந்து பெரியவள் ஆனபிறகு அம்மாவிடம் கேட்டேன். "டாக்டரம்மா அதச் சொல்லல. வலி எப்ப தொடங்குச்சுன்னு கேட்டாவ. நான் தரையப் பாத்துக்கிட்டு நின்னேன்" என்றாள். அப்படியும் பிழைக்காமல் போயிருக்கலாம். எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. ஆனால் ஒரு ஆள், அந்தக் கூடத்தில் ஒரே ஒரு ஆள், "உக்காரும்மா" என்று சொல்லியிருந்தால் இன்று இதை நான் எழுத வேண்டியதில்லை. சித்தி யாரையும் எதுவும் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

சில மாதம் கழித்து மறுபடி ஒரு மேட்ச். எந்த ஊரில், யாரோடு என்பதெல்லாம் மறந்துவிட்டது. நம் ஆட்கள்தான் பந்து போட்டார்கள், விக்கெட் விழவில்லை. சித்தி எல்லோருக்கும் டீ கொண்டுவந்து கொடுத்தாள். தட்டைக் கீழே வைத்தாள். அப்புறம் யாரும் கூப்பிடாமலே போய் நிலைப்படியில் நின்றாள். அதே இடம், நிலையில் அதே கை. தலையில் அன்று பூ வைத்திருந்தாள்.

பெரியப்பா அவளைப் பார்த்தார். உடனே டிவியைப் பார்த்தார். அவர் குரல் அவ்வளவு மெதுவாக வந்து நான் கேட்டதேயில்லை.

"நீ எதுக்கும்மா அங்கன நிக்கே? உள்ள போ."

சித்தி கொஞ்சம் நின்றாள். பிறகு போனாள். பெரியப்பா தலையைத் திருப்பி என் அம்மாவைக் கூப்பிட்டார். "நீ புள்ள பெத்தவ, செத்த வந்து நில்லேன்." அம்மா, "எனக்கு அடுப்புல வேல கெடக்கு" என்று சொல்லிவிட்டு சித்தியின் பின்னாலேயே போய்விட்டாள்.

எனக்கு ஒரே சந்தோஷம். பெரியப்பா திருந்திவிட்டார், சித்தி மேல் அவருக்கு இரக்கம் வந்துவிட்டது, "அம்மா" என்றுகூடச் சொல்லிவிட்டார் என்று நினைத்தேன். அதை அவளிடம் சொல்லியாக வேண்டும். அடுப்படிக்கு ஓடினேன். சித்தி சுவரைப் பார்த்து நின்றிருந்தாள். அம்மா அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். நான் சித்தியின் முந்தானையைப் பிடித்து இழுத்தேன்.

"சித்தி, இனிமே ஒங்கள யாரும் நிக்கச் சொல்லமாட்டாக" என்றேன்.