கோவில்பட்டி பாரில் மாப்பிள்ளை விசாரிக்கப் போன கதை

என் மகளுக்கு வந்த வரன் கோவில்பட்டியில் ஒரு லாட்ஜ் பாரில் பார்டெண்டர். பெயர் செல்வம். மகளுக்குப் போட்டோ பிடித்துவிட்டது. "அப்பா சரின்னா சரி" என்று பாரத்தை என் தலையில் வைத்துவிட்டாள். வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் தேடித்தான் போன வியாழக்கிழமை கிளம்பினேன்.

திருநெல்வேலியில் காலை பத்தே முக்காலுக்கு பஸ். ஐம்பத்தைந்து கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். கயத்தாறு தாண்டியதும் இரண்டு பக்கமும் கரிசல், உளுந்து. நிழல் என்று பேருக்குக்கூடக் கிடையாது.

வெள்ளை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறோடு பாருக்குப் போன முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். போதாததற்கு உட்கார்ந்ததும் டீ கேட்டேன்.

"லெமன் சோடாதான் இருக்கு அண்ணாச்சி" என்றார் செல்வம். நாற்பது ரூபாய்.

அவர் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாடித் தம்ளரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத் துடைக்கிறார். பாட்டில் மூடியை வந்தவர் கண் முன்னால்தான் திருகுகிறார். அளந்துதான் ஊற்றுகிறார். பைக்கில் வந்தவர்களிடம் முதலிலேயே சாவியை வாங்கி ஆணியில் மாட்டிவிடுகிறார்.

பக்கத்து மேசைக்காரர் எழுந்து சாவியைக் கேட்டார். கால் தரையில் நிற்கவில்லை.

"ஆட்டோ சொல்லிட்டேன் அண்ணாச்சி. வண்டிய சாயங்காலம் எடுத்துக்கிடுங்க."

"கிளாஸ் கழுவுத பயலுக்குத் திமிரப் பாரு! ஒனக்கு எவன்லே பொண்ணு குடுப்பான்?"

செல்வம் அவரைக் கைத்தாங்கலாக ஆட்டோவில் ஏற்றிவிட்டு வந்து என் மேசையைத் துடைத்தார்.

"நீங்க பொண்ணு வீடுதான? குடிக்க வாரவிய பாட்டிலப் பாப்பாவ. நீங்க எம் மூஞ்சியவே பாக்குதிய."

எனக்குச் சோடா புரையேறியது. "இதுக்கு முன்னாடியும் யாரும் வந்தாவளா?"

"ரெண்டு பேரு. சோடா குடிச்சிட்டுப் போனாவ. அப்புறம் ஒரு போன்கூட இல்ல."

காரணம் தேடிப் போனவனுக்கு ஒன்றும் சிக்கவில்லை. "ஞாயித்துக்கிழமை பொண்ணு பாக்க வாங்க" என்றேன்.

"ஞாயிறுதான் இங்கன கூட்டம் அண்ணாச்சி. செவ்வாய்தான் எனக்கு லீவு."

செவ்வாய்க்கிழமை பெண் பார்ப்பதா? எங்கள் வீட்டில் அன்றைக்கு முடி வெட்டக்கூட விடமாட்டார்கள். "வாங்க, பாத்துக்கிடலாம். அண்ணாச்சின்னு மட்டும் கூப்பிடாதீங்க, முறை இடிக்கும்" என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

மாப்பிள்ளை விசாரிக்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். டீக்கடையில் கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். வேலை பார்க்கிற இடத்திலேயே ஒரு மணி நேரம் உட்காருங்கள். மதியம் என்றால் கூட்டம் குறைவு. திருநீற்றை அழித்துவிட்டுப் போங்கள்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் என் மனைவி, "செவ்வாய்க்கிழமையா?" என்று காலண்டரை எடுக்கப் போனாள். அதற்குள் மகள் ஆபீசுக்குப் போன் போட்டுச் செவ்வாய்க்கு லீவு சொல்லிவிட்டாள்.