துரை கழித்த டயர்

கேகாலைப் பக்கம் மொரகந்தைத் தோட்டத்தில் டிஸ்பென்சராக இருந்த தருமலிங்கத்துக்குக் கோபம் வராத நாள் என்று ஒன்று இருந்ததாக, அவரைத் தெரிந்தவர்கள் யாரும் சொன்னதில்லை. யாழ்ப்பாணத்துக் கரவெட்டிக்காரர். மருந்து கலக்கும்போது அவர் கை நடுங்காது. அந்த மருந்தைக் குடிக்க மறுப்பவனைக் கண்டால் உடம்பு முழுவதும் நடுங்கும். திட்டாமல் அவர் யாரையும் குணப்படுத்தியதில்லை. அவர் திட்டாமல் நாடி பார்த்தால், தன் நோய் முற்றிவிட்டது என்று நோயாளி முடிவு கட்டிவிடுவான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் அது. தோட்டத்தின் ஒவ்வொரு பிரிவையும் அங்கே கணக்கு என்பார்கள். கீழ்க்கணக்கும் நடுக்கணக்கும் றப்பர், மேல்கணக்கு தேயிலை. மழை பெய்தால் றப்பர் மரத்தில் பால் வெட்ட மாட்டார்கள். வெட்டினால் பால் தண்ணீரோடு தண்ணீராக ஓடிவிடும். தேயிலைக்கு அந்தச் சலுகை இல்லை. காய்ச்சலுக்கும் பிரசவத்துக்கும் இல்லை. ஆகவே டிஸ்பென்சரும் வருஷம் முழுவதும் ஓட வேண்டியிருந்தது: வைகாசியில் விடாமல் அடிக்கும் மழையில், ஐப்பசியில் பிற்பகல்தோறும் இடியோடு கொட்டும் மழையில், மாசியின் புழுதியில். டிஸ்பென்சரியிலிருந்து மேல்கணக்குக்குப் போகும் வழி முதலில் தார் வீதியாக வளைந்து வளைந்து இறங்கும். பாலத்தைத் தாண்டியதும் செம்மண் ஏற்றம். தாருக்குப் பிடித்த டயரைச் செம்மண் ஏற்றிவிடாது. செம்மண்ணுக்குப் பிடித்ததன் காலைத் தார் வாரிவிடும்.

டயர் விஷயத்தில் தோட்டத்துக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரையின் மோட்டார் சைக்கிளில் தேய்ந்த டயர் டிஸ்பென்சரின் மோட்டார் சைக்கிளுக்கு வரும். டிஸ்பென்சரிடம் தேய்ந்தது தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் போய்ச் செருப்பாகும். இதை யாரும் எழுதிவைக்கவில்லை. எழுதிவைத்த எந்தச் சட்டமும் அங்கே இவ்வளவு சுத்தமாக நடந்ததில்லை. பால் வெட்டியவனின் காலுக்கு அவன் வெட்டிய றப்பர் வந்து சேர, அது சீமைக்குப் போய், டயராகித் திரும்பி, இரண்டு உத்தியோகத்தர்களைச் சுமந்து களைக்க வேண்டியிருந்தது.

ஒரு வைகாசியில் மேல்கணக்கிலிருந்து ஆள் ஓடிவந்தது. தேயிலைச் செடி கத்தரிக்கும் கவ்வாத்துக்காரன் ஐயாவுவின் மனைவி ஜெயம்மாவுக்குப் பிள்ளை பிறந்தும் இரத்தம் நிற்கவில்லை. தருமலிங்கம் உடனே புறப்பட்டார். துரை கழித்துக் கொடுத்த டயர்கள் இரண்டும் அப்போது முட்டையோட்டைப் போல வழவழப்பாக இருந்தன. தார் வீதியில் ஊர்ந்து தப்பினார். செம்மண் ஏற்றத்தில் பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றித் தனக்கொரு குழி தோண்டிக்கொண்டது. வண்டியை அங்கேயே போட்டுவிட்டு நடந்தார், பிறகு ஓடினார். போய்ச் சேர்ந்தபோது ஜெயம்மா இறந்திருந்தாள்.

தாமதத்துக்குக் காரணம் என்ன என்று துரை விசாரித்தார். மழை என்று பதிலையும் அவரே சொல்லிக்கொண்டார். டயர் என்று தருமலிங்கம் சொன்னது காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. மழை வந்து மறுத்துப் பேசப்போவதில்லை என்பதால் விசாரணை அத்தோடு முடிந்தது. அதன்பின் சில நாட்கள் தருமலிங்கம் யாரையும் திட்டவில்லை. மூன்று கணக்கிலும் பயந்துபோனார்கள்.

மழை ஓய்ந்த பிறகு துரை கார் வாங்கினார். அவருடைய மோட்டார் சைக்கிளுக்கு அண்மையில்தான் மாட்டிய டயர் ஒன்று மீந்தது. நீளவாக்கில் ஆழமான வரிகள் ஓடிய நல்ல டயர். அதை டிஸ்பென்சருக்குக் கொடுத்தனுப்பினார். மொட்டை டயர்களை நன்றி சொல்லி வாங்கிய அதே மனிதர் இந்த நல்ல டயரைக் கண்டதும் கொதித்தார்.

"உந்த டயரைக் கொண்டுபோய்த் துரையின்ரை கழுத்திலை மாட்டு" என்றார்.

கொண்டுவந்த பங்களா வேலைக்காரனுக்கு அப்படி ஓர் உத்தேசம் இருக்கவில்லை. டயரை டிஸ்பென்சரி விறாந்தையில் சாத்திவிட்டுப் போய்விட்டான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தருமலிங்கம் மாவனல்லைக்குப் போனார். அங்கே ஜுனைதீன் என்பவர் சைக்கிள், மோட்டார் சைக்கிள் சாமான்கள் விற்றுவந்தார்.

"எந்த றோட்டுக்கு மாத்தயா?" என்று கேட்டார் ஜுனைதீன்.

"எல்லா றோட்டுக்கும்."

"மழைக்கா, வெயிலுக்கா?"

"வருசம் முழுக்க ஓடவேணும். தாரிலையும் ஓடவேணும், சேத்திலையும் ஏறவேணும். அப்பிடி ஒண்டு தாரும்."

"அப்பிடி ஒரு டயர் ஈந்தா நான் ஏன் இங்க ஈ ஓட்டிட்டு ஈக்கிறன்? கொழும்புல பங்களா கட்டீப்பன்." ஜுனைதீன் இரண்டு டயர்களை இறக்கி வைத்தார். "இது வரி. தாருக்கு ராசா. சேத்தக் கண்டா வெக்கப்படும். இது கட்டை கட்டையா ஈக்கிது பாருங்க, சேத்தக் கடிச்சிட்டு ஏறும். ஆனா நனஞ்ச தார்ல நம்பேலாது. முன்னுக்கு வரி, பின்னுக்குக் கட்டை. அப்பிடிப் போட்டா மாத்தயா வருசம் முழுக்க ஓடலாம்."

"அது எனக்கும் தெரியும்" என்றார் தருமலிங்கம்.

உண்மையாகவே தெரியும். முன்சக்கரம் வழியைப் பிடிக்கிறது, பின்சக்கரம் தள்ளுகிறது. ஆகவே இரண்டுக்கும் ஒரே டயர் வேண்டியதில்லை. இதை அவர் கடைக்கு வருவதற்கு முன்பே யோசித்து முடித்திருந்தார். யோசனை சரியாக இருந்ததுதான் தொல்லை. அதன்படி நடந்தால் விறாந்தையில் கிடந்த டயர் வண்டியில் ஏறிவிடும்.

"வரி டயர் ஒண்டு வீட்டிலை கிடக்கு" என்றார் கசப்போடு.

"அப்ப நல்லந்தானே. பின்னுக்கு மட்டும் ஒண்டு எடுங்க."

"அது துரை கழிச்சது."

"யாரு கழிச்சதெண்டு டயருக்குத் தெரியுமா மாத்தயா?"

"எனக்குத் தெரியும். கட்டை டயர் ரண்டு தாரும்."

ஜுனைதீன் பெருமூச்சு விட்டார். "நான் சொல்லிட்டுத்தான் விக்கிறன். நாளைக்கி விழுந்தா என்னை ஏசப்படாது."

"ஏசுவன்" என்றார் தருமலிங்கம்.

செம்மண் ஏற்றத்தில் புது டயர்கள் அவருக்குப் பெரிய வெற்றியைத் தந்தன. வழக்கம்போல வண்டியைத் திட்டிக்கொண்டே ஏறினார். வண்டி முதல் தடவையாகச் சொன்ன பேச்சைக் கேட்டது. வெயில் நாட்களில் தாரும் பேசாமல் இருந்தது. ஐப்பசி பிறந்து, புழுதி படிந்த தாரில் முதல் மழை விழுந்த பிற்பகலில், பாலத்துக்கு மேலே உள்ள வளைவில் முன்சக்கரம் தன் வழியே போனது. தருமலிங்கம் வேறு வழியே போனார். கொயினா மருந்துப் போத்தல்கள் உடைந்து வீதியெல்லாம் கசந்தது. எதிரே துரையின் கார் வந்து நின்றது. இந்த மாதிரி நேரங்களில் எதிரே வருவது எப்போதும் துரையின் காராகவே இருக்கும்.

"டிஸ்பென்சர்," என்றார் துரை, தமக்குத் தெரிந்த தமிழில், "நம்ம நல்ல டயர் குடுத்தது. நீ ஏன் போடறது இல்லே?"

"டயரிலை பிழையில்லை சேர்" என்றார் தருமலிங்கம், முழங்கையில் இரத்தம் வடிய. "எனக்குத்தான் ஓட்டத் தெரியாது."

தான் தேர்ந்தெடுத்த டயர் பிழை என்று ஒப்புக்கொள்வதைவிட, பன்னிரண்டு மாதமும் வண்டி ஓட்டும் தனக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்று சொல்வது அவருக்குச் சுலபமாக இருந்தது.

வண்டியைத் தள்ளிக்கொண்டு திரும்பினார். முன்சக்கரத்தைக் கழற்றி, கிழிந்த டியூப்பை ஒட்டினார். அதற்குமேல் எந்த டயரையும் மாட்டக் கோபம் விடவில்லை. சக்கரம் டயர் இல்லாமல் வெறும் வளையமாகச் சுவரில் சாய்ந்து கிடந்தது. அவர் நடந்தே போய் நடுக்கணக்கையும் கீழ்க்கணக்கையும் பார்த்துவந்தார். மேல்கணக்குக்கு அந்த நாட்களில் போகவில்லை.

அப்படியிருக்க ஒரு மத்தியானம், கொட்டும் மழையில் ஐயாவு வந்து நின்றான். ஜெயம்மா செத்த பிறகு அவன் அந்த வாசலை மிதித்தவன் அல்ல.

"தங்கச்சி புஷ்பத்துக்கு வலி எடுத்து விடியக்காலயில இருந்து கெடக்குறா. பிள்ள வரல. மருத்துவச்சி கையை விரிச்சிருச்சு. வாங்க."

தருமலிங்கம் பையை எடுத்து வைத்துவிட்டு, சக்கரத்தை இழுத்துப் போட்டு, கட்டை டயரை எடுத்தார். ஐயாவு விறாந்தைச் சுவரில் சாய்ந்திருந்த துரையின் டயரைப் பார்த்தான்.

"அதத்தானுங்க முன்னுக்குப் போடணும்?"

"ஆர் சொன்னது?"

"தோட்டமே சொல்லுது. ஐயா தார்ல விழுந்தத கீழ்க்கணக்குல பாட்டாவே கட்டிட்டாங்க."

"டயரைப் பற்றி உனக்கு என்னடா தெரியும்?"

"ஒண்ணுந் தெரியாதுங்க. தேஞ்சா எங்க காலுக்கு வரும், அது மட்டுந்தான் தெரியும்." ஐயாவு குரலை உயர்த்தவில்லை. "எம் பொஞ்சாதி செத்தப்போ தொரை மழைன்னாரு. நீங்க டயருன்னீங்க. இன்னிக்கு இவளும் செத்தா எதைச் சொல்லப் போறீங்க? ரோஷத்தையா? நீங்களும் தொரையும் சண்டை போட்டுக்கிடுறீங்க. பொணம் எங்க லயத்துல விழுது."

கோபத்தில் தருமலிங்கத்துக்கு நீண்ட பயிற்சி உண்டு. தம்முடையது எவ்வளவு மலிவான சரக்கு என்பது இன்னொருவனின் கோபம் எதிரே வந்து நின்றபோது அவருக்குத் தெரிந்தது. கட்டை டயரை முற்றத்துச் சேற்றில் வீசினார். துரையின் டயரை எடுத்து, நெம்புகோலைக் குத்தி, சக்கரத்தில் ஏற்றினார். ஏற்றி முடியும்வரை துரையையும் துரையைப் பெற்றவர்களையும் மாவனல்லை முழுவதையும் ஏசினார். ஐயாவு சக்கரத்தைப் பிடித்துக்கொண்டான்.

காற்றடித்து, சக்கரத்தை வண்டியில் பூட்டிக்கொண்டு இருவரும் புறப்பட்டார்கள். ஐயாவு பின்னால் பையை அணைத்துக்கொண்டிருந்தான். விழுந்த வளைவில் முன்சக்கரம் தாரைப் பிடித்துக்கொண்டு திரும்பியது. செம்மண்ணில் வண்டி வால் ஆட்டியது. பின்சக்கரம் சேற்றைக் கடித்து வாரி எறிந்தது. இரண்டு இடத்தில் ஐயாவு இறங்கித் தள்ளினான். வண்டி நிற்கவில்லை.

பிள்ளை காலால் வந்துகொண்டிருந்தது. தருமலிங்கம் புஷ்பத்தையும் மருத்துவச்சியையும் இன்னும் பிறக்காத பிள்ளையையும் மாறி மாறித் திட்டியபடி அதை வெளியே எடுத்தார். பிள்ளை அழுதது. புஷ்பத்துக்கு உயிர் தங்கியது, இரத்தமும் நின்றது.

கை கழுவியதும் அவர் லயத்து வாசலுக்கு வந்தார். ஐயாவு பால் விடாத சாயத்தண்ணி கொண்டுவந்து நீட்டினான்.

"விடியத் தொடங்கின வலிக்கு மத்தியானம் வாறியே, உனக்கு அறிவிருக்கே? காலமை ஏன் வரேல்லை?"

"ஐயா வண்டி ஓடலன்னாங்க" என்றான் ஐயாவு. "ஐயா நடந்து வந்தா என்ன ஆகும்னுதான் நான் ஏற்கனவே பாத்துட்டேனே. மருத்துவச்சி கையை விரிக்கலன்னா இன்னிக்கும் வந்திருக்க மாட்டேன்."

தருமலிங்கம் சாயத்தண்ணியைக் குடித்தார். அது நாக்கைச் சுட்டது. அதையும் அவர் திட்டவில்லை.