ரிங் ஸ்பேனர் போடச் சொன்னது யார்?

எண்பதுகளின் தொடக்கம். பாண்டிச்சேரி நெல்லித்தோப்பில், வீட்டு வாசலிலேயே என் கணவர் தன் லாரியைப் பழுது பார்ப்பார். எதிர்வீட்டுக்காரரும் லாரி வைத்திருந்தார். அவர் கை நீட்டினால், மனைவி செல்வி சரியான ஸ்பேனரை எடுத்துக் கொடுப்பாள். பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். என் கணவர் என்னை லாரிக்குக் கிட்டவே சேர்த்ததில்லை.

ஒருநாள் சைலன்ஸர் போல்ட் துருப்பிடித்து இறுகிவிட்டது. சாயங்காலம் லோடு ஏற்றப் போகவேண்டும். வாய் திறந்த ஸ்பேனரால் அவர் திருகத் திருக, போல்ட்டின் தலை மழுங்கிக்கொண்டே வந்தது.

"மண்ணெண்ணெய் ஊத்தி ஊறவிட்டு, ரிங் ஸ்பேனர் போடுங்க, அதுதான் தலையைச் சுத்திப் பிடிக்கும்" என்றேன். என் அப்பா மில்லில் ஃபிட்டர். பார்த்து வளர்ந்தவள் நான்.

"நீ உள்ள போ" என்றார்.

சற்று நேரத்தில் செல்வி வந்து அதையே சொன்னாள். மறுபேச்சில்லாமல் செய்தார். போல்ட் கழன்றது.

"நல்ல யோசனைம்மா" என்றார் அவளிடம்.

"என் யோசனை இல்லண்ணே. அக்கா சொன்னது எங்க வூடு வரைக்கும் கேட்டுச்சு. உங்களுக்குத்தான் கேக்கல."

அவர் மண்ணெண்ணெய் டப்பாவை எடுத்தார். "அடுத்த போல்ட்டுக்கும் ஊத்தட்டுமா?" என்று என்னைக் கேட்டார்.

செல்வி மேல் அன்றுதான் எனக்குப் பிரியம் வந்தது. ஆனால் பொறாமை குறையவில்லை, கூடியது. என் பேச்சு என் கணவர் காதில் ஏற, அவள் வாய் வேண்டியிருந்ததே.