நைட்டியில் வந்த அண்ணி

நான் இப்போது குடியிருக்கும் ஸ்காட்லாந்துக் கடலோர ஊரில், பெண்கள் மன்றம் நிதி திரட்டும் விதம் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. மாவும் வெண்ணெயும் நம் காசில் வாங்கி, அடுப்படியில் நின்று வெந்து, கேக் செய்து கொண்டுபோய் ஹால் மேசையில் வைக்க வேண்டும். மதியம் வரை யாரும் வாங்காவிட்டால் நாமே காசு கொடுத்து அதை வாங்கிக்கொண்டு வீடு திரும்ப வேண்டும். என் கேக்கை நானே எதற்கு வாங்க வேண்டும் என்று தலைவி மோய்ராவிடம் கேட்டதற்கு, நல்ல காரியத்துக்குத்தானே என்றார். அன்றைக்கு முழுக்க என் வீட்டுக்காரர் என்னைக் கிண்டல் செய்துகொண்டே அந்தக் கேக்கைத் தின்றார்.

சேரும் பணத்தில் பாதி உள்ளூருக்கு, பாதி வெளிநாட்டுக்கு. உள்ளூர்ப் பங்கில் முதியோர் வேன் ஓடுகிறது. வெளிநாட்டுப் பங்கு எந்த நாட்டுக்கு என்பதை ஒவ்வொரு வருஷமும் கை தூக்கி முடிவு செய்வார்கள். இந்த வருஷம் நான் துணிந்து எழுந்து எங்கள் கவரைப்பேட்டையைச் சொன்னேன். பிறந்து வளர்ந்த ஊரை வாய் நிறைய 'வெளிநாடு' என்று சொல்ல என்னவோ போலிருந்தது, ஆனாலும் சொல்லிவிட்டேன்.

காரணம் செல்வி அண்ணி, என் அண்ணன் மனைவி. எங்கள் தெருப் பெண்கள் பாதிப்பேர் கும்மிடிப்பூண்டி சிப்காட் கம்பெனிகளில் ஷிப்ட் பார்ப்பவர்கள். அவர்கள் வேலைக்குப் போகும் நேரத்தில் பிள்ளைகளை விட்டுவைக்க அண்ணியின் மகளிர் குழு ஓர் அறை நடத்துகிறது. ஷிப்ட் இல்லாதவர் பார்த்துக்கொள்வார். அறைக்கு மேலே வெறும் தகரம். போன சித்திரையில் இரண்டு பிள்ளைகள் வெயில் தாங்காமல் மயங்கி விழுந்தார்கள். இந்த வருஷம் கூரையை மாற்றாவிட்டால் அறையை மூடிவிடுவது, மூடினால் அண்ணி உட்படப் பலரும் வேலையை விட்டுவிடுவது என்று பேச்சாகிவிட்டது. பத்து வருஷம் அடித்துப் பிடித்து அண்ணிக்கு நிரந்தரமான வேலை அது.

ஆகவே மன்றக் கூட்டத்தில் வீடியோ அழைப்புக்கு ஏற்பாடு செய்தேன். என் போனைத் தேநீர்க் குடுவையில் சாய்த்து வைத்தோம். அங்கே பிற்பகல். முதல் ஷிப்ட் முடிந்து வந்து, குளித்து, தலைவாரி, பூ வைத்து, குழுவே அந்த அறையில் வரிசையாக உட்கார்ந்திருந்தது. எல்லாரும் புத்தம் புது நைட்டியில், தோளில் துண்டோடு.

மோய்ரா என் காதோரம் வந்து, இவர்கள் ஆஸ்பத்திரியில் இருக்கிறார்களா என்று கவலையாகக் கேட்டார். அதே நேரம் போனிலிருந்து அண்ணி, "இன்னா கவிதா, அவங்களுக்கெல்லாம் ஒடம்பு சரியில்லையா? ஊட்டுக்குள்ளயே கம்பளி சுத்திக்கினு உக்காந்துக்கினு கீறாங்க" என்றார். நான் யாருக்கு முதலில் பதில் சொல்வேன்!

அதற்குள் டோரதி வாயைத் திறந்தார். ஓய்வுபெற்ற பள்ளிக்கூட ஆசிரியை, தடித்த கண்ணாடி, மன்றத்தில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. பட்டப்பகலில் படுக்கை உடையோடு வீட்டில் இருப்பவர்களுக்குப் பிள்ளை பார்க்க அறை எதற்கு என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. எங்கள் ஊரில் நைட்டிக்கும் இரவுக்கும் சம்பந்தமே இல்லை, விடியற்காலை எழுந்து யூனிபார்மில் எட்டு மணி நேரம் நின்றவள் வீடு வந்ததும் மாட்டுவது அது, பால் வாங்குவதும் ரேஷன் கடை வரிசையில் நிற்பதும் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுவதும் அதில்தான் என்று படபடவென்று பொரிந்தேன். துண்டு எதற்கு, குளிக்கப் போகிறார்களா என்றார் டோரதி. "இல்லை, அது மரியாதைக்கு" என்றேன். துண்டு இல்லாமல் வாசலைத் தாண்டினால் என் அம்மா விட்ட திட்டெல்லாம் நினைவுக்கு வந்து எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அண்ணிக்கு ஆங்கிலம் தெரியாது, ஆனால் முகம் படிக்கத் தெரியும். போனைத் தூக்கி மேலே தகரத்தைக் காட்டினார். வெளியே போய், அதன்மேல் நனைத்துப் போட்டிருந்த கோணிகளைக் காட்டினார். பிறகு ஒரு குழந்தையின் சட்டையைத் தூக்கி, முதுகு நிறைய சிவந்திருந்த வேர்க்குருவைக் காட்டினார். டோரதி நாற்காலியை விட்டு எழுந்து வந்து, போனுக்குக் கிட்டே குனிந்து பார்த்தார்.

ஓட்டெடுப்பு வந்தது. சொந்த ஊருக்கு உதவி கேட்பவர் அந்த நேரம் ஹாலில் இருக்கக் கூடாது என்பது மன்றத்தின் விதி. மறுபேச்சில்லாமல் வெளியே வந்து, கதவைச் சாத்திவிட்டு, ஈரக் கோட்டுகள் மாட்டியிருந்த நடைவழியில் நின்றேன். போனை மேசையிலேயே விட்டுவிட்டோமே என்று அப்போதுதான் உறைத்தது. அதற்குள் அண்ணியின் குரல் கதவைத் தாண்டி வந்தது.

"ஏய், அந்தக் கண்ணாடிக்காரம்மாவும் கை தூக்கிட்டாங்கடி."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. உள்ளே இரண்டு பக்கமும் கைத்தட்டல். இதோ கூப்பிடுவார்கள் என்று முகத்தைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தேன். யாரும் கூப்பிடவில்லை. மோய்ரா ஆங்கிலத்தில் என்னவோ சொல்ல, அண்ணி தமிழில் அதற்குப் பதில் சொல்ல, மொத்த ஹாலும் விழுந்து விழுந்து சிரித்தது. நான் இல்லாவிட்டால் இவர்களால் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்ள முடியாது என்றல்லவா நினைத்திருந்தேன்? சந்தோஷம்தான், ஆனால் பொறாமையாகவும் இருந்தது. என் இரண்டு ஊரும் ஒரே அறைக்குள் இருக்க, நான் மட்டும் வெளியே குளிரில் நிற்கிறேன்.

பொறுக்க முடியாமல் கதவைத் தட்டினேன். "யாரு அது?" என்று உள்ளேயிருந்து முதலில் கேட்டது அண்ணிதான்.