ஞாயிற்றுக்கிழமை சினிமாவை நான் நிறுத்தியது

மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, டிவியில் ஓடிக்கொண்டிருந்த சினிமாவை நான் ஒற்றைக் கையால் நிறுத்தினேன். அப்போது எனக்குப் பத்து வயது.

அரையாண்டுப் பரீட்சை என்று என்னை மாடி அறைக்குத் துரத்திவிட்டு, ஹாலில் மற்ற எல்லோரும் படம் பார்த்தார்கள். மாடி அறை மாமாவுடையது, அம்மாவின் தம்பி. வீட்டிலிருந்தே வெளியூர்க்காரர்களோடு பேசும் அவருடைய ஹாம் ரேடியோ செட் அங்கேதான் இருந்தது. சும்மா இருந்தால் கேட்கும், மைக்கின் பட்டனை அழுத்தினால் பேசும். மோர்ஸ் தந்திக் குறிகள் பழகி, பரீட்சையில் ஒருமுறை தோற்று, மறுமுறை பாஸாகி வாங்கிய லைசென்ஸைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார். "எவ்வளவு வேணும்னாலும் கேளு. மைக்கைத் தொட்டே, என் லைசென்ஸ் காலிடா" என்று சொல்லியிருந்தார்.

டயலைத் திருப்பினால் ஓரிடத்தில் டிவியின் சத்தம் வரும் என்று கண்டுபிடித்திருந்தேன். கதாநாயகி முதல் போலீஸ்காரர் வரை எல்லோருக்கும் ஜலதோஷம் பிடித்த குரல். பரவாயில்லை. சரித்திரப் புத்தகத்தை மடியில் விரித்துக் காதாலேயே படம் பார்த்தேன். வில்லன் கதாநாயகியின் தங்கையைக் கடத்திய இடத்தில் என்னை மறந்துவிட்டேன். மைக்கை எடுத்து அழுத்தி, "டேய், விடுடா அவளை" என்றேன்.

சத்தம் நின்றது. பட்டனிலிருந்து கையை எடுத்த பிறகும் வரவில்லை. கீழே அப்பாவின் குரல்: "போச்சு. தடங்கலுக்கு வருந்துகிறோம்னு போட்டுட்டான்." பக்கத்து வீட்டிலும் அதே முனகல்.

ஊருக்கே படத்தை நிறுத்திவிட்டேன். மாமாவை ஜீப்பில் ஏற்றப்போகிறார்கள். தடயத்தை மறைக்க மைக்கைத் தலையணைக்கு அடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். சுருள் ஒயர் மட்டும் செட்டிலிருந்து நேராக என் தொடைக்கு அடியில் போனது.

மாமா வந்தார். ஒயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

"டா போட்டா பேசினே?"

"ஆமா மாமா."

"அப்ப கஷ்டம்தான்." செட்டுப் பக்கம் போய் எதையோ தடவிவிட்டு, எனக்கும் அதற்கும் நடுவில் வந்து நின்றார். "ஒரே வழிதான். மைக்லயே மன்னிப்புக் கேளு. பேரு, கிளாஸ் எல்லாம் சொல்லு. கவர்மென்ட் கேட்டுட்டிருக்கு."

கேட்டேன். பெயர், ஐந்தாம் வகுப்பு பி பிரிவு, கதவு எண். வில்லன் சாரும் மன்னிக்கணும் என்றேன். எதற்கும் இருக்கட்டும் என்று, ரேங்க் கார்டில் அப்பாவின் கையெழுத்தை நானே போட்டதையும் சேர்த்துக்கொண்டேன். மாமாவுக்கு இருமல் வந்தது.

கொஞ்ச நேரத்தில் படம் திரும்பி வந்தது. கீழே கைதட்டினார்கள். எனக்குத்தான் என்று நினைத்தேன்.

மன்னிப்பு முடியும்வரை மாமா வலது கையை முதுகுக்குப் பின்னால் மடக்கி, விறைப்பாக நின்றிருந்தார். கவர்மென்டுக்குக் காட்டும் மரியாதை போலிருக்கிறது என்று நானும் ஒரு கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். செட்டிலிருந்து பிடுங்கிய மைக் ஒயரின் முனை மாமாவின் அந்தக் கைக்குள் இருந்தது அப்போது எனக்குத் தெரியாது.